மதுரைக்கு எந்த மாதம் போகலாம்?

ஆண்டுக்கு ஒரு முறை பட்டணம் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில் இருக்கிறது, வன்னியம்பட்டி. அந்த வட்டாரத்து மக்களுக்குப் பட்டணம் என்றால் மதுரைதான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க மதுரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரை. பிள்ளையைக் காலேஜில் சேர்க்க மதுரை.

வேலையாகப் போவது வேறு. பிள்ளைகுட்டிகளோடு ஊர் பார்க்கப் போவது வேறு. மில்லில் வேலை செய்கிற குடும்பத்துக்கும், வயலில் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கும் அந்த வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு முறை கிடைத்தால் பெரிது. பஸ் கட்டணம், ஓட்டல் சாப்பாடு, பெண் குழந்தைக்கு வளையல், பையனுக்குப் பலூன் என்று கூட்டிப் பார்த்தால், பல நாள் சேர்த்த பணம் ஒரே நாளில் கரைந்து போகும்.

அப்படிச் சேர்த்த பணத்தை எந்த மாதத்தில் செலவு செய்வது? சித்திரையிலா, ஆவணியிலா, தையிலா?

இதற்கு விடை சொல்ல மதுரையின் தெருக்களே இருக்கின்றன.

தெருவே பஞ்சாங்கம்!

மீனாட்சி அம்மன் கோவிலை நடுவில் வைத்து, சதுரம் சதுரமாக வீதிகள் சுற்றி வருகின்றன. மதில் சுவருக்கு உள்ளே இருப்பவை ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அதற்கு அடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கும் அடுத்து மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பவை வெளி வீதிகள்.

ஆடி, சித்திரை, ஆவணி, மாசி! மாதப் பெயர்களையே தெருவுக்கு வைத்த ஊர் இது. எந்த மாதம் சுவாமி எந்த வீதியில் வலம் வந்தாரோ, அந்த மாதத்தின் பெயர் அந்த வீதிக்கு நிலைத்தது என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரைத் திருவிழாவின் தேர் இன்று ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில்! இது ஏன்?

உழவர்களுக்காக மாறிய மாதம்

மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தன என்று சொல்வார்கள். கள்ளழகர் விழா தனியாகச் சித்திரை மாதத்தில், வைகைக் கரையில் உள்ள தேனூரில் நடந்ததாம்.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். மாசி மாதம் அறுவடைக் காலம். கதிர் அறுக்கிற மக்கள் திருவிழாவுக்கு எப்படி வருவார்கள்? பெரிய தேரின் வடத்தை இழுக்க ஆள் எங்கே? அதனால் அவர் மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றினார், அழகர் விழாவை மதுரைக்குக் கொண்டு வந்தார், இரண்டையும் ஒன்றாக இணைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சித்திரையில் அறுவடை முடிந்திருக்கும். குதிரில் நெல் இருக்கும். கையில் கொஞ்சம் காசு இருக்கும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சுற்றுப்புறக் கிராமங்கள் எல்லாம் மதுரைக்குப் புறப்பட்டன.

மாதம் மாறியது; தெரு மாறவில்லை. ஆகையால்தான் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. பட்டணம் தன் திருவிழாவைக் கிராமத்து மக்களின் ஓய்வு நாளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. மதுரைத் திருவிழாவுக்குப் போகிற கிராமத்தார் அழையாத விருந்தாளிகள் அல்ல. அவர்களுக்காகவே நாள் குறித்த விழா அது.

சித்திரை: அன்னை முடிசூடுகிறாள்

ஏப்ரல், மே மாதங்களில் வரும் சித்திரைத் திருவிழா கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. நாள்தோறும் காலையிலும் இரவிலும் அம்மனும் சுவாமியும் மாசி வீதிகளில் பவனி வருவார்கள்.

எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். பாண்டியரின் பூவான வேப்பம்பூவில் மாலை கட்டி அம்மனுக்குச் சூட்டுவார்கள். ஒன்பதாம் நாள் திக்கு விஜயம். எட்டுத் திசையையும் வென்ற அரசி, கடைசியில் சிவபெருமானைக் கண்டு நாணித் தலைகுனிகிறாள். பத்தாம் நாள் திருக்கல்யாணம். அம்மன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில், கூடியிருக்கும் சுமங்கலிகள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கல்யாண வீடு என்றால் மொய் இல்லாமலா? பக்தர்கள் வரிசையில் நின்று மொய் எழுதுவார்கள். வந்தவர்களுக்குக் கல்யாண விருந்தும் உண்டு.

பதினோராம் நாள் தேரோட்டம். அதன் பிறகு ஒரு விடியற்காலையில் ஊரே வைகைக் கரையில் நிற்கும்.

அழகர் வருகிறார்!

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் அழகர் மலை. அங்கிருந்து கள்ளர் வேடம் பூண்டு அழகர் புறப்படுகிறார். வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருகிறார். மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். அதற்குப் பெயர் எதிர்சேவை.

சித்ரா பவுர்ணமி அதிகாலையில் தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்குகிறார். செம்பில் சர்க்கரை நிரப்பி, அதன் மேல் சூடம் ஏற்றி, "கோவிந்தா! கோவிந்தா!" என்று பெண்கள் கூவுகிறார்கள். வேடம் பூண்ட பக்தர்கள் தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அழகரைக் குளிர்விக்கிறார்கள்.

அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை உழவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை.

தங்கையின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்த அண்ணன், வருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது என்று கேட்டுக் கோபித்து, ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிப் போனார் என்பது மக்கள் சொல்லும் கதை. தவளையாகச் சாபம் பெற்ற மண்டூக முனிவருக்கு மோட்சம் தர வந்தார் என்பது புராணம். அந்த மோட்சம் தரும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். பழைய ஊரின் பெயரை மண்டபம் விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மாலை

இந்த விழாவில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மக்கள் பெருமைப்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன் தல்லாகுளம் பெருமாள் கோவிலில் ஒரு மாலையை அணிந்துகொள்கிறார். அது மதுரையில் கட்டிய மாலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை! மாலையோடு பட்டும், இலைகளால் செய்த கிளியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகின்றன. அந்தக் கிளியின் மூக்கு மாதுளம்பூ. உடல் மரவள்ளி இலை.

மல்லிகைக்குப் பெயர் போன ஊர் மதுரை. அந்த ஊரே, அழகர் கழுத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாலை வரட்டும் என்று காத்திருக்கிறது. புரட்டாசி பிரமோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் ஆண்டாள் மாலை போகிறது.

உறவினர் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறும் குடும்பமும், ஒரு வகையில் அந்த மாலை போன வழியில்தான் போகிறது.

மறக்கக் கூடாத விடியற்காலை

இவ்வளவும் படித்த பிறகு, "அழகர் இறங்கும் அன்றே போய்விடலாம்" என்று தோன்றும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொரோனா நோயினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வைகையில் அழகரைக் காண மக்களுக்கு வழியில்லாமல் போயிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கினார். இரண்டு ஆண்டு ஏக்கத்தோடு மக்கள் வெள்ளம் திரண்டது. அந்த நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

சாமி கும்பிடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை! இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பயணத்துக்குத் திட்டம் போட வேண்டும்.

நெரிசல் ஏற்படும் விதம் எளிது. பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்கள் ஓர் அடி நகர்ந்தால், அந்த அழுத்தம் ஆள் மேல் ஆளாக ஏறி, முன் வரிசையில் நிற்பவரின் மார்பை அழுத்தும். கீழே விழுந்தவர் எழுந்திருக்க இடம் இருக்காது. யாரும் யாரையும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. ஆனாலும் மூச்சு திணறும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை இவை:

கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண்கள், நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோரை அந்த அதிகாலையில் ஆற்றுக்குள் அழைத்துப் போகாதீர்கள். அழகர் பல நாட்கள் மதுரையில் இருக்கிறார். எதிர்சேவையின் போது ஏதாவது ஒரு மண்டகப்படியில் பார்க்கலாம். தசாவதார இரவிலும், மலைக்குத் திரும்பும் பூப்பல்லக்கிலும் பார்க்கலாம். தரிசனம் குறைந்துவிடாது.

பிள்ளைகளின் சட்டைப் பையில் பெயர், ஊர், அப்பாவின் போன் நம்பர் எழுதிய சீட்டை வையுங்கள்.

பிரிந்து போனால் எங்கே வந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மீனாட்சி கோவிலுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. ஆகவே போனை நம்பிப் பிரியாதீர்கள்.

கூட்டம் தள்ளும்போது எதிர்த்து நிற்காதீர்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கூட்டம் போகும் போக்கிலேயே போய், கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு விழுந்தால் விழட்டும். குனியாதீர்கள்!

நகைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஆவணி: கூலியாளாக வந்த கடவுள்

கூலி வேலை செய்கிறவர்கள் பார்க்க வேண்டிய விழா ஒன்று இருக்கிறது. அது ஆகஸ்டு, செப்டம்பரில் வரும் ஆவணி மூலத் திருவிழா.

சித்திரையில் முடிசூடிய மீனாட்சி ஆவணி வரை மதுரையை ஆள்கிறாள். ஆவணியில் சுவாமிக்குப் பட்டாபிஷேகம். பிறகு அடுத்த சித்திரை வரை அவர் ஆட்சி. ஒரு வீட்டில் பெண்டாட்டியும் புருஷனும் மாறி மாறிப் பொறுப்பேற்பதைப் போன்ற ஏற்பாடு!

இந்த விழாவில்தான் பிட்டுத் திருவிழா நடக்கிறது. வைகையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. பிட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் படுத்தார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது!

வைகைக் கரையில், ஆரப்பாளையம் அருகில் உள்ள பிட்டுத் தோப்பில் இந்தத் திருவிளையாடலை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள். திருப்பரங்குன்றம் முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து கலந்துகொள்கிறார்கள். சித்திரை விழாவை விடக் கூட்டம் குறைவு. குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே பார்க்கலாம்.

தை: காளையும் தெப்பமும்

பொங்கலை ஒட்டி மதுரைக்குப் போகிறவர்களுக்கு ஜல்லிக்கட்டு இருக்கிறது. தை முதல் நாள் அவனியாபுரம். மறுநாள் பாலமேடு. மூன்றாம் நாள் அலங்காநல்லூர்.

2014-ஆம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் மாணவர்களும் பொதுமக்களும் தமிழ்நாடு முழுவதும் திரண்டு போராடினார்கள். அதன் பிறகு தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023-ஆம் ஆண்டு மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கட்டிய ஜல்லிக்கட்டு அரங்கம் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது.

வாடிவாசலில் காளை சீறி வரும் காட்சி வீரக் காட்சிதான். என்றாலும் வேடிக்கை பார்க்கப் போனவர்களே குத்துப்பட்டதும் உண்டு. தடுப்புக்கு வெளியே, காளைகள் வெளியேறும் வழியில் நிற்கவே கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் மேடையில் இடம் கிடைத்தால் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் டெலிவிஷனில் பார்ப்பதே மேல்!

குடும்பத்தோடு பார்க்கத் தையில் இன்னொரு விழா இருக்கிறது. அது தெப்பத் திருவிழா.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டினார். கிட்டத்தட்ட 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட குளம். நடுவில் மைய மண்டபம். தைப் பவுர்ணமியன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். கரையில் நிற்கும் மக்கள் வடம் பிடித்துத் தெப்பத்தை இழுக்கிறார்கள். இரவில் விளக்குகள் தண்ணீரில் மின்னும்.

இந்தக் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் இல்லாமல் தெப்பம் நிலையாக நின்ற ஆண்டுகளும் உண்டு. பிறகு வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டு வந்து நிரப்பினார்கள். தெப்பம் மீண்டும் மிதந்தது.

நான்கு பக்கமும் அகலமான சாலை. உட்கார்ந்து பார்க்க இடம் உண்டு. காலையில் பார்க்கத் தவறியவர்கள் இரவில் பார்க்கலாம். வெயிலும் கடுமை இல்லை. பாட்டியையும் பேரப்பிள்ளையையும் சேர்த்து அழைத்துப் போக இதைவிட நல்ல நாள் கிடைப்பது அரிது.

விழா இல்லாத நாளில்

லீவு கிடைத்த நாளில்தானே போக முடியும்? விழா இல்லாத நாளிலும் மதுரையில் பார்க்க நிறைய உண்டு.

காலையில் மீனாட்சி கோவில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் போய்விட வேண்டும். அடுத்துத் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டிய அரண்மனை. இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதன் தூண்களைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆளின் கை போதாது.

தல்லாகுளம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி மியூசியம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி நேரு திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. காந்தியடிகள் அரை வேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது அந்த முடிவுக்கு வந்தார். துணி வாங்க வழியில்லாத ஏழை மக்களைப் பார்த்த வேதனைதான் காரணம்.

படிக்கிற பிள்ளைகள் இருந்தால், நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் காட்டுங்கள். 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி திறக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. அதே ஆண்டு மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட கீழடி மியூசியமும் பக்கம்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே வைகைக் கரையில் வாழ்ந்தவர்களின் பானை, மணி, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அங்கே பார்க்கலாம்.

எப்படிப் போவது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோ மீட்டர். கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக பஸ் போகிறது. ரெயிலில் போவதானால் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏறி, சிவகாசி, விருதுநகர் வழியாகப் போகலாம். மதுரை ரெயில் நிலையத்திலிருந்து கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். திருவிழா நாட்களில் பஸ்கள் வழக்கமான பாதையில் போகாது. ஆகையால் அந்த நாட்களுக்கு ரெயில்தான் வசதி.

எதை எப்போது பார்க்கலாம்?

இளவட்டங்கள், கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள்: சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை.

பெண்கள், பிள்ளைகள் உள்ள குடும்பம்: சித்திரைத் திருவிழாவின் முதல் வாரம். மாசி வீதியில் நின்றாலே போதும். சுவாமி தேடி வந்து தரிசனம் தருவார்.

முதியவர்களோடு போகிறவர்கள்: தைத் தெப்பம்.

கதை கேட்கும் வயதுப் பிள்ளைகள்: ஆவணிப் பிட்டுத் திருவிழா, புரட்டாசி நவராத்திரியில் மீனாட்சி கோவில் கொலு.

பள்ளிக்கூட விடுமுறை மட்டும் கிடைப்பவர்கள்: மகால், காந்தி மியூசியம், நூலகம், கீழடி.

விழா நாட்கள் நட்சத்திரத்தையும் பவுர்ணமியையும் ஒட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட்டு எடுக்க வேண்டும்.

ஆடி மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். ஆடியில் மதுரைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்த மாதம் ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுகிறது. மதுரை உறவினர்கள் பிள்ளைகளோடு பஸ் ஏறி வருகிற நாள் அது. சித்திரையில் சாப்பாடு போட்ட அத்தைக்கும் சித்திக்கும் வன்னியம்பட்டியில் இலை போட வேண்டாமா?